ஆகஸ்ட் ஒன்பதின் கூலி

ஆறு வருடமாக ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காத சேர்மத்துரை, நூற்று முப்பத்தொரு நாள் விடுப்பில் இருந்ததாகத் தாளில் போட்டிருந்தார்கள்.

வேலையை விட்டு அனுப்புகிற அன்றைக்குக் கையெழுத்துக்காக நீட்டிய தாள் அது. தென்முத்து சரக்கு முனையத்தின் மனிதவள அலுவலகத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் வித்யாசாகர் என்ற மேலாளர் உட்கார்ந்திருந்தார். வயதில் சின்னவர், மரியாதை தெரிந்தவர். முப்பத்தெட்டு கிரேன் இயக்குநர்களை ஒரே நாளில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள்; ஒவ்வொருவருக்கும் ஒரு டீ வந்தது. புதுக் கணக்கு வருகிறது என்று சொல்லிக் கடைசி மூன்று மாதச் சம்பளத்தை ஏற்கெனவே நிறுத்தி வைத்திருந்தார்கள். அது, சேர்ந்து கிடந்த விடுப்புக்கான பணம், ஓவர்டைம் எல்லாம் கூட்டினால் சேர்மத்துரைக்கு ஆறு லட்சத்துக்கு மேல் வரவேண்டும். தாளில் இருபத்துமூன்றாயிரம் என்றிருந்தது.

அவன் விடுப்பு வரியைத் தொட்டுக் காட்டி, நான் வராத நாளே கிடையாதே என்றான்.

"நீங்க தினமும் வந்தீங்க சார். சீட்ல உக்காந்திருந்தீங்க. அதை நாங்க மறுக்கலை," என்றார் வித்யாசாகர். "ஆனா அதுல பாதி நேரம் கிரேனை ஓட்டுனது இரண்டாங்கை. அந்த நேரத்தை எல்லாம் கூட்டி முதல்ல உங்க விடுப்புல கழிச்சிருக்கோம். மிச்சத்தைச் சம்பளத்துல கழிச்சிருக்கோம்."

சேர்மத்துரை டீயைக் குடிக்காமல், கையெழுத்தும் போடாமல் எழுந்து வந்தான். மற்ற முப்பத்தேழு பேரும் அந்த வாரத்துக்குள் போட்டுவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது.

முனையத்தின் கிரேன்கள் கடலோரத்தில் நின்றன. அவற்றை ஓட்டுகிறவர்கள் நான்கு கிலோமீட்டர் தள்ளி, குளிரூட்டிய ஓர் அறையில் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். வலது கையில் ஒரு கையுறை. அதற்குள் விரலை மடக்கினால் அங்கே இருபது டன் பெட்டி இறங்கும். மணிக்கட்டைத் திருப்பினால் பெட்டி நகரும். கையுறை கட்டளையை அனுப்பியதோடு நிற்கவில்லை. போட்டிருக்கிற கையின் பழக்கத்தையும் படித்துக்கொண்டிருந்தது. எந்த இடத்தில் வேகம் குறைக்கும், காற்றடித்தால் எந்தப் பக்கம் கொடுத்துப் பிடிக்கும், பெட்டியைத் தரையில் வைக்குமுன் எவ்வளவு தயங்கும் என்று ஒவ்வொருவர் கையையும் தனித்தனியாகப் படித்தது. அப்படிப் படித்துத் தேறிய நிரலுக்குத்தான் இரண்டாங்கை என்று பெயர். பலத்த காற்று அடிக்கும்போது மட்டும் அது உதவிக்கு வரும் என்று ஒன்றரை வருடத்துக்கு முன்பு ஒரு கூட்டத்தில் சொல்லியிருந்தார்கள்.

சேர்மத்துரை விடுப்பு எடுக்காததற்குக் காரணம் உண்டு. ஆறு வருடத்துக்கு முன்பு, ஓர் ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி, காலை பத்து நாற்பதுக்கு, அவன் ஓட்டிக்கொண்டிருந்த கிரேனில் இருந்து ஒரு பெட்டி நான்கு விநாடி முன்னதாக இறங்கிவிட்டது. கீழே இருந்த பெட்டியின் மூலையில் பூட்டு மாட்டிக்கொண்டிருந்த சூசை மிக்கேல் என்ற தொழிலாளி அங்கேயே இறந்துபோனார். சேர்மத்துரை அதைத் திரையில் பார்த்தான். சத்தம் வரவில்லை. அந்தத் திரைகளுக்குச் சத்தம் கிடையாது.

இயக்குநரின் அவசரமே காரணம் என்று கம்பெனியின் விசாரணை அறிக்கை சொன்னது. ஒரு மாதம் சம்பளமில்லாமல் நிறுத்தி வைத்துவிட்டு, திறமையான கை என்பதால் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அவன் எதையும் மறுக்கவில்லை. தன் விரல் மடங்கியது அவனுக்கு நினைவிருந்தது. மாதங்கள் போகப்போக அந்த நினைவு தேய்வதற்குப் பதிலாகத் தெளிவாகிக்கொண்டே வந்தது. முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் சூசை மிக்கேலின் மனைவி அமலோற்பவத்தைப் பார்க்கப் போனான். அவள் வாசலில் நின்றபடியே, நீங்கள் நல்லவராகவே இருக்கலாம், என்னால் உங்கள் கையைப் பார்க்க முடியவில்லை, இனி வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பினாள்.

அதற்குப் பிறகு வீட்டில் சும்மா இருக்கும் நாள் அவனுக்கு ஆகவில்லை. சாப்பாட்டுத் தட்டுக்கு மேல் கை அந்தரத்தில் நின்றுவிடும். மனைவி ஜெயக்கொடி பெயர் சொல்லிக் கூப்பிடும்வரை இறங்காது. வேலைக்குப் போனால் அந்த அறையில் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக, பஞ்சு மாதிரி இறக்கி வைக்கும்போது மட்டும் கொஞ்சம் மூச்சு வந்தது. அதனால் பொங்கலுக்கும் போனான், ஏரல் சேர்மன் கோயில் அமாவாசைக்கும் போனான், தங்கை மகள் கல்யாணத்தன்று தாலி கட்டியதும் போனான்.

தொழிலாளர் வழக்குகள் பார்க்கும் ஹாஜரா என்ற வழக்கறிஞரை அவன் தேடிப் போனது ஜெயக்கொடி சொல்லித்தான். ஜெயக்கொடி பள்ளிச் சீருடை தைத்துக் கொடுப்பவள். ஹாஜராவின் பிள்ளைகளுக்கும் தைத்திருக்கிறாள். முத்தையாபுரத்து வீட்டின் மேல் கடன் இருந்தது. மூன்று மாதத் தவணை நின்றுபோயிருந்தது.

ஹாஜரா காயல்பட்டினத்துக்காரர். மெதுவாகப் பேசுவார். சேர்மத்துரை சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டு, நீங்கள் ஓட்டாதபோது அது ஓட்டியது உங்களுக்கே தெரியாதா என்று கேட்டார். தெரியாது, என் கை எப்போதும் அசைந்துகொண்டுதான் இருந்தது என்றான் அவன்.

"அங்கதான் இருக்கு அண்ணாச்சி," என்றார் ஹாஜரா. "பிள்ளைகளுக்கு ஒரு பொம்மைக் கார் இருக்கும். காசு போட்டா அதுவா ஆடும். பிள்ளை ஸ்டியரிங்கைத் திருப்பிக்கிட்டே இருக்கும், தானே ஓட்டுறதா நெனச்சுக்கும். நீங்க திருப்புற அதே பக்கம், அதே நேரத்துல, அதுவும் திரும்புனா நீங்க எப்படிக் கண்டுபிடிப்பீங்க? அது ஒங்க கையத்தான படிச்சிருக்கு."

சேர்மத்துரை தன் வலது கையை மேசைக்கு அடியில் இறக்கிக்கொண்டான்.

தொழிலாளர் ஆணையரிடம் மனு போட்டார்கள். கூலியைக் குறைக்க வேண்டுமென்றால் எந்தெந்த மணி நேரம் யார் ஓட்டியது என்று கம்பெனி நிரூபிக்கட்டும் என்று ஹாஜரா கேட்டிருந்தார். கடைசி ஒன்றரை வருடத்துக்கு மட்டும் கணக்குக் காட்டுவார்கள் என்று அவர் எதிர்பார்த்தார். அவர்களோ ஏழு வருடத்துக்குக் காட்டினார்கள். எவ்வளவு பின்னால் போகிறார்களோ அவ்வளவு பணம் கழிக்கலாம் அல்லவா. முந்நூற்று முப்பத்தாறு பக்கம். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு வரி. வரிக்கு எதிரே 'இயக்குநர்' அல்லது 'இரண்டாங்கை'. ஏதோ ஒரு நிரல் தானாகத் தயாரித்தது. அதை அச்சடித்துத் தைத்து அனுப்பியவர்கள் யாரும் பக்கத்தைப் புரட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

சேர்மத்துரை நேராக அந்தப் பக்கத்துக்குத்தான் போனான். தேடவே வேண்டியிருக்கவில்லை.

ஆகஸ்ட் 9. 10.00 முதல் 11.00 வரை. இரண்டாங்கை.

ஹாஜராவின் அலுவலகத்தில் அப்போது மதிய வெயில் ஜன்னல் வழியாக விழுந்துகொண்டிருந்தது. அவன் அந்த வரியின்மேல் விரலை வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். ஹாஜரா எழுந்து வந்து என்னவென்று பார்த்தார். அவருக்கு முதலில் புரியவில்லை. தேதியைச் சொன்னதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார்.

"அந்த விபத்து நடந்தப்ப, முனையத்துல தானா ஓடுற எதுவுமே கிடையாதுன்னு அவங்க விசாரணையில சொல்லியிருக்காங்க, இல்லையா?"

ஆமாம் என்றான்.

"அப்ப ரெண்டுல ஒண்ணு பொய்."

அவர் அதைச் சந்தோஷமாகச் சொல்லவில்லை. உங்களுக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டியது என் கடமை என்று தொடங்கினார். இந்தப் பட்டியலை அவரால் உடைக்க முடியும். இரண்டாங்கை சேர்மத்துரையின் கையைப் போலவே ஓட்டும்படி பழக்கப்பட்டது. ஆகவே எந்த மணி நேரம் எந்தக் கை என்று கம்பெனிக்கே தெரியாது. எங்கெல்லாம் இரண்டும் ஒத்துப்போகின்றனவோ அதையெல்லாம் இரண்டாங்கை என்று தங்களுக்குச் சாதகமாகப் போட்டுவைத்திருக்கிறார்கள். ஒரு நிபுணரைக் கூட்டிவந்து ஆணையர் முன்னால் இதை நிறுவினால் பட்டியல் மொத்தமும் செல்லாமல் போகும். ஆறு லட்சமும் வந்துவிடும்.

"அந்த ஒம்பதாம் தேதி?" என்றான் சேர்மத்துரை.

"அதுவும் சேர்ந்துதான் போகும்."

"அந்த ஒரு வரிய மட்டும் வச்சிக்கிட முடியாதா?"

"முடியாது அண்ணாச்சி. பட்டியல் பொய்யின்னா எல்லா வரியும் பொய். மெய்யின்னா எல்லா வரியும் மெய்."

பட்டியலை ஏற்றுக்கொண்டால் பணம் போய்விடும். ஆனால் கம்பெனியே தாக்கல் செய்து, இருதரப்பும் ஒப்புக்கொண்ட ஆவணமாக அது நிற்கும். சூசை மிக்கேலின் மனைவி அதை வைத்து வழக்குப் போடலாம். சக தொழிலாளியின் தவறு என்று சொல்லி அந்தம்மாவுக்குக் கொடுத்தது வெறும் காப்பீட்டுப் பணம்தானே என்றார் ஹாஜரா.

"நெசமாவே அது யாரு கை, வக்கீலம்மா?"

"தெரியாது. இனிமே யாருக்குமே தெரிய வராது."

அவன் வீட்டுக்குப் போய் ஜெயக்கொடியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் தையல் எந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டாள். கால்சட்டை ஒன்று பாதியில் ஊசியோடு நின்றது. தவணை நோட்டீசைப் பற்றி அவள் பேசவில்லை. அது எந்திரத்தின் மேலேயேதான் மடித்து வைத்திருந்தது.

"இது அந்தப் பிள்ளைக்கு வேணுமா, ஒங்களுக்கு வேணுமா?" என்று கேட்டாள்.

அமலோற்பவத்தைத்தான் அந்தப் பிள்ளை என்றாள். சேர்மத்துரை யோசித்தான். "எனக்குத்தான்," என்றான்.

"அப்ப எனக்குன்னு சொல்லிக் கேளுங்க. அவளுக்காகன்னு சொன்னீங்கன்னா அந்தப் பணத்த நான் விட்டுத் தரமாட்டேன்."

மறுநாள் மதியம் உப்புப் பொட்டலம் போடும் கம்பெனியின் வாசலில் போய் நின்றான். அமலோற்பவம் அங்கே வேலை பார்த்தாள். சாப்பாட்டு நேரத்தில் முக்காட்டை அவிழ்த்து உதறிக்கொண்டே வெளியே வந்தவள், அவனைப் பார்த்ததும் நின்றாள். போகச் சொல்லவில்லை. அவன் கையில் பிடித்திருந்த நகலைக் கொடுத்து, முடிந்தவரை சுருக்கமாகச் சொன்னான். அவள் அந்த வரியைப் படித்தாள். பிறகு அவன் கையைப் பார்த்தாள். ஆறு வருடத்தில் முதல் தடவையாக.

"இது ஓட்டுச்சுன்னா, இதுக்கு ஓட்டச் சொல்லிக் குடுத்தது யாரு?"

"நான்தான்," என்றான். அந்தக் கேள்வி அவனுக்கும் இரண்டு நாளாக உள்ளே இருந்தது. அவன் கையில் அவசரம் இருந்ததால்தான் அது அவசரத்தைப் படித்ததோ என்னவோ.

அவள் மதில் நிழலில் உட்கார்ந்தாள். சாப்பாட்டு வாளியைத் திறக்கவில்லை.

"ஆறு வருசமா எல்லாத்தையும் ஒங்க மேல கொண்டு வச்சிருந்தேன். வைக்க ஒரு எடம் இருந்துச்சு. இப்ப இத எங்க கொண்டு வைக்க?"

என்ன செய்யட்டும் என்று கேட்கத்தான் வந்திருந்தான். அதைக் கேட்குமுன் அவளே சொன்னாள். உங்கள் பணம் உங்கள் பாடு, நான் கேட்டு நீங்கள் விட்டதாக இருக்கவேண்டாம் என்று. நகலை மட்டும் திருப்பித் தரவில்லை. நான்காக மடித்து வாளிக்குள் வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

விசாரணையில், கம்பெனியின் பட்டியலை ஏற்கிறீர்களா என்று ஆணையர் கேட்டபோது, ஏற்கிறேன் என்றான் சேர்மத்துரை. ஆணையர் கண்ணாடியைக் கழற்றி, புரிந்துதான் சொல்கிறீர்களா, உங்கள் கோரிக்கையில் பெரும்பகுதி போய்விடுமே என்று மறுபடியும் கேட்டார். புரிகிறது ஐயா என்றான். வித்யாசாகர் அவனை வியப்போடு பார்த்தார். போகும்போது கை கொடுத்தார். அந்த வாரமே இருபத்துமூன்றாயிரம் கணக்கில் வந்தது. ஜெயக்கொடி தன் வளையல்களை வைத்து மூன்று தவணையைக் கட்டினாள்.

அதற்குப் பிந்தைய ஐந்து மாதம் சேர்மத்துரை நன்றாகத் தூங்கினான். உப்பு மூட்டை ஏற்றும் ஒரு மினி லாரிக்கு ஓட்டுநராகப் போனான். சம்பளம் பழைய சம்பளத்தில் பாதிகூட இல்லை. ஆனால் ஸ்டியரிங்கைத் திருப்பினால் வண்டி திரும்பியது; அதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. விரல் மடங்கிய அந்தக் காட்சி வந்தால், பெட்டி இறங்கியதைப் பார்த்துத்தான் விரல் மடங்கியது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். சொல்லச் சொல்ல அதுவும் நினைவாகவே ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் இருந்தான். ஜெயக்கொடியுடன் ஒருநாள் மணப்பாடு வரைக்கும் போய்க் கடலைப் பார்த்துவிட்டு வந்தான்.

அமலோற்பவம் வழக்குப் போட்டிருந்தாள். ஹாஜராதான் அவளுக்கும் வாதாடினார்.

பணம் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. சேர்மத்துரை எட்டயபுரம் சாலையில் லாரியை ஓரங்கட்டி டயருக்குக் காற்று பிடித்துக்கொண்டிருந்தான். தொலைபேசி அதிர்ந்தது. ஆறு லட்சத்து எழுபத்தோராயிரத்து நானூற்று எண்பது ரூபாய். அனுப்பியது தென்முத்து சரக்கு முனையம். மூன்று மாதச் சம்பளம், நூற்று முப்பத்தொரு நாள் விடுப்புக்கான பணம், ஓவர்டைம், வட்டி. எதுவும் விடுபடவில்லை.

யாரோ தவறாக அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு, சரக்கை இறக்கியதும் லாரியோடே ஹாஜராவின் அலுவலகத்துக்குப் போனான். அவர் முன்னால் ஒரு கட்டுத் தாள் விரித்திருந்தது. அமலோற்பவத்தின் வழக்கில் கம்பெனி அன்று காலை தாக்கல் செய்திருந்த பதில்.

உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு அவர் விளக்கினார். முன்பு கொடுத்த பட்டியல் ஓர் உத்தேசக் கணக்கு என்று கம்பெனி இப்போது சொல்கிறது. மறுபடி நுணுக்கமாகப் பரிசோதித்ததில், ஒன்றரை வருடத்துக்கு முன்புவரை இரண்டாங்கை படித்துக்கொண்டு மட்டுமே இருந்தது, ஓட்டவில்லை என்று தெரியவந்ததாம். கடைசி ஒன்றரை வருடக் கழிவையும் நல்லெண்ணத்தின் பேரில் விட்டுக்கொடுக்கிறார்களாம். ஊழியர் சேர்மத்துரைக்கு நேர்ந்த அநீதிக்கு வருந்தி, அவருக்குச் சேரவேண்டியதை முழுவதும் வட்டியோடு செலுத்திவிட்டார்களாம். புதிய பட்டியலும் இணைத்திருந்தது.

அதே பக்கத்தை அவர் திருப்பிக் காட்டினார். ஆகஸ்ட் 9, முதல் ஷிப்டு, எட்டு மணி நேரம். இயக்குநர். கூலி ரூபாய் 1,912, செலுத்தப்பட்டது.

"அந்த மெஷின் ஆளக் கொன்னதுன்னு ஆனா முனையத்தோட உரிமமே போயிரும். கோடிக்கணக்கு. அதுக்கு ஒங்க ஆறு லட்சம் மலிவு," என்றார் ஹாஜரா. "இது ஒங்களுக்கு வந்த கூலி இல்ல அண்ணாச்சி. ஒங்க மேல சாட்சி வாங்கியிருக்காங்க."

சேர்மத்துரை அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்தப் பணத்தைக் கேட்டுத்தான் இதே மேசைக்கு முதலில் வந்தான். கேட்டது பைசா சுத்தமாக வந்துவிட்டது.

"நான் இத வாங்கிக்கிட்டா?"

"அவங்க கணக்கை நீங்க ஒத்துக்கிட்டதா வாதாடுவாங்க. திருப்பிக் குடுத்தா ரெண்டாவது தடவையா ஆறு லட்சம் போகும். நான் எதுவும் சொல்லமாட்டேன். ஜெயக்கொடி அக்கா முகத்தை நான் பாக்கணும்."

நான்கு நாள் அவன் அந்தப் பணத்தைத் தொடவில்லை. விரல் திரும்ப வந்துவிட்டது. இப்போது அது இரண்டு விதமாகவும் மடங்கியது. ஒரு நாள் பெட்டி இறங்குமுன், ஒரு நாள் பெட்டி இறங்கியபின். ஐந்து மாதமாக அவன் பழக்கிவைத்திருந்த நினைவும், ஆறு வருடமாக அவனைப் பழக்கிய நினைவும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இரண்டில் எது தன்னுடையது என்று அவனால் சொல்லமுடியவில்லை.

ஐந்தாம் நாள் காலை ஜெயக்கொடியிடம் சொன்னான். மற்ற நாளெல்லாம் நான் வேலை செய்தேன், அது எனக்குத் தெரியும், அந்தப் பணம் நம்முடையது, வீட்டுக் கடனை அடைத்துவிடு என்றான். ஒரு நாள் கூலியை மட்டும் திருப்பி அனுப்பப்போகிறேன் என்றான். அவள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டா என்று கேட்டாள். ஆமாம் என்றான். சரி என்றாள்.

ஹாஜரா கடிதத்தைத் தானே எழுதித் தருவதாகச் சொன்னார். அவன் வேண்டாம் என்று சொல்லித் தன் கையாலேயே எழுதினான். 'ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி நான் சீட்டில் இருந்தேன். அன்று வேலை செய்தது என் கைதானா என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. தெரியாத வேலைக்கு நான் கூலி வாங்குவதாக இல்லை.' ஹாஜரா படித்துப் பார்த்து, இப்படி ஒன்றைத் தன் பதினேழு வருடத்தில் பார்த்ததில்லை, இதற்குச் சட்டத்தில் இடமிருக்கிறதா என்று தெரியவில்லை, கூடாது என்றும் எங்கும் எழுதவில்லை என்றார்.

பணம் போனது. அடுத்த மாதம் முதல் தேதி திரும்பி வந்தது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்துநான்காக. கம்பெனியின் சம்பள நிரலுக்கு, வேலை நடந்த ஒரு நாளுக்கு ஆள் இல்லாமல் இருக்கக்கூடாது. கூலி வாங்கப்படாத நாளைக் கண்டால் வட்டி சேர்த்து மறுபடி அனுப்பிவிடும். மனிதர் யாரும் அதில் தலையிடவில்லை என்று விசாரித்ததில் தெரிந்தது. சேர்மத்துரை மறுபடி அனுப்பினான். அது மறுபடி வந்தது. அந்த ஆகஸ்ட் ஒன்பது மாதந்தோறும் அவன் கணக்குக்கு வந்து சேர்ந்தது. அவன் மாதந்தோறும் அதைத் திருப்பி அனுப்பினான்.

நீதிமன்றத்தில் கம்பெனியின் வழக்கறிஞர், அன்றைய கூலியை ஊழியர் பெற்றுக்கொண்டுவிட்டார், ஆகவே ஓட்டியது அவர்தான் என்பதில் தகராறு இல்லை என்று வாதாடியபோது, ஹாஜரா எழுந்து வங்கி ரசீதுகளை நீட்டினார். அப்போது ஏழு ரசீது ஆகியிருந்தது. நீதிபதி அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, அப்படியானால் அந்த ஒரு நாள் யாருடைய வேலை என்பது இன்னும் முடிவாகவில்லை என்று சொல்லி, இரண்டாங்கையின் மூலப் பதிவுகளை முழுவதும் தாக்கல் செய்யும்படி உத்தரவிட்டார். கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போனது. வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.

எட்டாவது மாதம் சேர்மத்துரை வங்கியில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அமலோற்பவம் வந்தாள். உப்புக் கம்பெனியில் அரை நாள் சொல்லிவிட்டு வந்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, முன்னால் ஓடிய டோக்கன் எண்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"தெரியாதுன்னு எழுதிக் குடுத்தீங்களாம்ல," என்றாள்.

"ஆமா."

"மத்தவுக எல்லாம் தெரியும் தெரியும்னுல்லா சொல்லிட்டு இருக்காவ."

அவன் எண் வந்தது. கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு அவனைப் பழக்கமாகியிருந்தது. படிவத்தை எடுத்து வைத்திருந்தாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு ரூபாய். அவன் எழுதிக் கையெழுத்துப் போடுவதை அமலோற்பவம் பக்கத்தில் நின்று பார்த்தாள். ரசீது வந்ததும் அதை வாங்கித் தேதியைச் சரிபார்த்துவிட்டு அவனிடம் கொடுத்தாள்.

வெளியே வெயில் ஏறியிருந்தது. இருவரும் படியிறங்கி, மினி லாரி நின்ற பக்கமாக நடந்தார்கள்.

"வர்ற மாசமும் வருமா அண்ணாச்சி?"

வரும் என்றான் சேர்மத்துரை.

"அப்ப நானும் வாறேன்," என்று சொல்லிவிட்டு அவள் பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.